சோற்றிலே சேதனம்

சென்ற தைப்பொங்கலை முன்னிட்டு என் பழைய மாணவர் ஒருவர் ஓர் அரிசிப் பையை அன்போடு கொண்டுவந்து தந்தார். பையின் முகப்பிலே 'சேதன அரிசி' என்று பெரிய எழுத்திலும், 'சர்க்கரைச் சுட்டி குறைந்தது. நீரிழிவு உள்ளோர்க்கு உகந்தது' என்று சிறிய எழுத்திலும் பொறித்திருந்தார்கள். சைவசித்தாந்தம் பயின்ற ஒருவனுக்கு இப்பெயரைக் கண்டவுடன் புன்முறுவல் தோன்றுவது இயல்பு. அறிவுடைப் பொருள் சேதனம். அறிவில்லாப் பொருள் அசேதனம். உயிர் சேதனம், மண்ணுங் கல்லும் அசேதனம் என்றே யான் என் மாணவர்க்குப் பல்லாண்டாகப் படிப்பித்து வருகிறேன். நமது நாட்டு விஞ்ஞான நூலாரோ உயிர்ப்பொருள்களின் வழிவந்தனவற்றைச் சேதனம் என்றும், ஏனையவற்றை அசேதனம் என்றும் வழங்கினர். அவ்வழியே மாட்டெருவும் தழையும் சேதனப் பசளையாயின. அவற்றால் விளைந்த அரிசி சேதன அரிசியாயிற்று. சொல்லாட்சியிலே குற்றமில்லை.

ஆயினும் அன்று யான் புன்முறுவல் செய்திலேன். இத்தகைய பை ஒன்றை எங்கள் குடும்பத்தினுள் முதன்முதற் கொண்டுவந்தவன் யானே. அதனால் விளைந்த துன்பத்துக்கு ஒரு பங்கு பொறுப்புடையவனும் யானே. அதனைக் கூறாது அரிசியின் பெருமையை மட்டும் எழுதுதல் நேர்மையன்று.

என் அண்ணர் என்னிலும் ஒன்பது வயது மூத்தவர். தந்தையார் மறைந்தபின் என்னைப் படிப்பித்து ஆளாக்கியவர். பதினைந்தாண்டுகளுக்கு மேலாகச் சலரோகம் உடையவர். ஒரு கண்காட்சியிலே, "ஐயா, இது சீனி வருத்தக்காரருக்கென்றே வாய்த்த அரிசி, வயிறாரச் சாப்பிடலாம், நாட்போக்கில் குளிசையும் தேவைப்படாது" என்று விற்றவர் கூறினார். அதனை அப்படியே நம்பி ஐந்து கிலோ வாங்கினேன். அண்ணரிடம் கொடுத்தபோது, விற்றவர் சொன்னதோடு நில்லாமல், முன்னோர் உணவின் மாண்பைப்பற்றி ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். அண்ணர் கடைக்காரரை நம்பியிருக்கமாட்டார்; தம்பியாகிய பண்டிதரை நம்பினார்.

ஒரு தட்டுச் சோறு உண்டவர் இரண்டு தட்டு உண்ணத் தொடங்கினார். சில திங்கள் கழிந்தபின், எவருக்கும் சொல்லாமல் குளிசையையும் நிறுத்தினார். கார்த்திகை மழையில் வளவிலே நடந்தபோது காலிலே முள்ளொன்று தைத்தது. தைத்ததை அவர் உணரவுமில்லை. புண் ஆழ்ந்தபின்பே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். இடக்காலில் இரண்டு விரல்களை நீக்கவேண்டியதாயிற்று. கட்டிலருகே நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, நீ சொன்னது சரியாய்த்தானே இருக்கும், நான்தான் பிழையாய் விளங்கிக்கொண்டனோ?" என்று அவர் கேட்டார். அவர் என்னை ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

யான் மருத்துவம் கற்றவனல்லேன். ஆனால் அறியாமற் சொன்ன சொல்லுக்கு அறிந்து பிராயச்சித்தம் செய்தல் ஆசிரியன் கடன். கற்றாரைக் கேட்டும் நூல்களை நாடியும் அன்றுதொட்டு யான் தெளிந்தவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

தவிட்டின் வரலாறு

எங்கள் ஆச்சி காலத்திலே நெல் அவித்தல் வீட்டிலே ஒரு சடங்குபோல நிகழும். முதனாள் நெல்லை ஊறவைத்து, மறுநாள் கிடாரத்தில் இட்டு அவித்து, பாயிலே பரப்பி உலர்த்துவார். உலர்ந்த நெல்லை உரலில் இட்டு இரு பெண்கள் மாறிமாறிக் குத்துவர். சுளகினாற் புடைத்தபின் கிடைக்கும் அரிசியிலே செந்நிறத் தவிடு ஒட்டியிருக்கும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய பெயர்களைக் கேட்டாலே எனக்கு அந்த அவியல் மணம் நினைவுக்கு வருகிறது.

இயந்திர ஆலை வந்தபின் அரிசி வெண்மையாயிற்று, வெண்மை நாகரிகமாயிற்று. அவ்வெண்மைக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. கிழக்காசிய நாடுகளில், தீட்டிய அரிசியையே பெரிதும் உண்டோர் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் சோர்ந்து மாண்டனர். பெரிபெரி என்னும் அந்நோயின் பெயரே சிங்களச் சொல்லடியாகப் பிறந்தது என்பர். 1890ஆம் ஆண்டளவில் யாவாத் தீவிலே ஐக்மன் என்ற ஒல்லாந்த மருத்துவர், வைத்தியசாலைச் சமையலறையின் வெண்சோற்றை உண்ட கோழிகளுக்கு இந்நோய்போன்ற தளர்ச்சி வருவதைக் கண்டார். தீட்டாத அரிசியைக் கொடுத்தபோது அவை தேறின. தவிட்டோடு போனது தயமின் என்னும் விற்றமின் பீ 1 என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1929இல் ஐக்மனுக்கு நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது.

இதிலே தமிழர்க்கு உரியதொரு செய்தியும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலே கடமையாற்றிய பிராட்டன் என்ற ஆங்கில மருத்துவர், வெள்ளைப் பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி மிகுந்திருப்பதையும், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அஃது அரிதாயிருப்பதையும் எடுத்துக்காட்டினார். தமிழர் விஞ்ஞானம் அறிந்து நெல்லை அவித்தாரல்லர், வழக்கத்தினால் அவித்தனர். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பீ விற்றமின்களின் ஒரு பகுதி அரிசியின் உட்புறத்தே சென்று படிகின்றது. பின்னர்த் தீட்டினாலும் அப்பகுதி முற்றாக அழிவதில்லை. கிடாரத்தின் முன்னே கண்ணெரிய நின்ற எங்கள் ஆச்சிமார் இதனை அறியாமலே ஒரு குலத்தைக் காத்தனர்.

சுட்டி என்பது யாது?

பெரிபெரி பெரிதும் ஒழிந்தது, நீரிழிவு பெருகிற்று. இந்நோய் பற்றிய ஆராய்ச்சியிலே பிறந்த ஓர் அளவுகோலே பையில் எழுதியிருந்த சர்க்கரைச் சுட்டி. ஆங்கில மருத்துவர் இதனைக் கிளைசீமிக் சுட்டி என்பர். இனிப்பையும் குருதியையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களின் புணர்ச்சி அது. கனடாவிலே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜெங்கின்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1981இல் இதனை வெளியிட்டனர். ஐம்பது கிராம் மாப்பொருள் அடங்கிய உணவொன்றை ஒருவருக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் அவருடைய குருதியிலே சர்க்கரை எவ்வாறு ஏறி இறங்குகின்றது என்று அளப்பர். அதே அளவு குளுக்கோசு உண்டபோது ஏறுவதை 100 எனக் கொண்டு ஒப்பிடுவர். 55 அல்லது அதனிற் குறைந்தது தாழ்ந்த சுட்டி. 70உம் அதன் மேற்பட்டதும் உயர்ந்த சுட்டி. எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தாரும் நம்மூர் உணவுகளை இம்முறையில் அளந்திருக்கின்றனர்.

அரிசி என்ற ஒரே பெயருக்குள் தாழ்ந்த சுட்டியும் உயர்ந்த சுட்டியும் அடங்கும். காரணம் மாப்பொருளின் அமைப்பே. அம்மாப்பொருள் இருவகைத்து. நூல்போல் நீண்டு கிடப்பது அமைலோசு. மரக்கிளைபோற் பிரிந்து விரிவது அமைலோபெத்தின். கிளைத்ததை வயிற்றின் நொதியங்கள் விரைவில் உடைத்துச் சர்க்கரையாக்கும். நீண்டதோ ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னி, எளிதில் இடங்கொடாது நிற்கும். ஆகவே அமைலோசு மிக்க அரிசியின் சுட்டி பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். குழைந்து ஒட்டும் அரிசியின் சுட்டி உயர்ந்திருக்கும்.

இவ்விடத்திலே எனது பழைய கொள்கையொன்று தகர்ந்தது. பழைய நெல்லினமெல்லாம் அமிர்தம், ஆராய்ச்சி நிலையத்தார் தந்த புதிய இனமெல்லாம் நஞ்சு என்று யான் எண்ணியிருந்தேன். உண்மை அவ்வாறன்று. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த இனங்களுட் பலவும் அமைலோசு மிக்கவையே. சிவப்பெல்லாம் தாழ்ந்த சுட்டியன்று. வெள்ளையெல்லாம் உயர்ந்த சுட்டியுமன்று. சிவப்பு நிறம் தவிட்டிலே தங்குவது. அத்தவிட்டிலே நார்ப்பொருளும் மகனீசியமும் விற்றமின்களும் உண்டு. அவை நன்மை தருவன. தீட்டத் தீட்ட அவை குறையும். ஆயின் சுட்டியை நிருணயிப்பதில் நிறத்தினும் இனமும் பக்குவமும் வலியுடையன.

பக்குவத்துள்ளும் புழுங்கலே முன்னிற்பது. அவித்தபோது இளகிய மாப்பொருள் உலரும்போது மீண்டும் இறுகுகின்றது. இறுகியது மெல்லச் சமிபாடடைகின்றது. சமைத்த சோறு ஆறும்போதும் இதே இறுக்கம் ஓரளவு நிகழும். இரவு சோற்றைத் தண்ணீரில் இட்டுக் காலையிலே சின்ன வெங்காயத்தோடு பழஞ்சோறு உண்ட கமக்காரர் இதனாற் சிறு நன்மை பெற்றிருத்தல் கூடும். சோற்றைக் குழைய வேகவைத்தால் இந்நன்மை குன்றும். பருப்பும் கீரையும் மீனும் உடன் சேர்ந்தால், சோறு இரைப்பையை விட்டுச் செல்வது தாமதித்து, சர்க்கரையின் ஏற்றமும் தணியும். முருங்கையிலை வறையையும் வல்லாரைச் சம்பலையும் ஓரத்திலே கிள்ளி வைப்பது நம் பிழை. அவை சோற்றுக்கு அலங்காரமல்ல.

சேதனம் யாருக்கு உதவும்?

இனிச் சேதனம் என்ற சொல்லுக்கு வருவோம். பையிலே எழுதிய இரண்டு புகழும் ஒன்றே என்று யான் மயங்கினேன், அண்ணரையும் மயக்கினேன். உண்மையில் அவை இரண்டும் வேறு. சேதனப் பசளையால் விளைந்தமையால் மட்டும் ஓர் அரிசியின் சர்க்கரைச் சுட்டி தாழ்வதில்லை. உயர்ந்த சுட்டியுடைய இனத்தை மாட்டெருவிட்டு வளர்த்து, தவிடு போகத் தீட்டினால், அது சேதன அரிசியே. சலரோகக்காரனுக்கோ பழைய பகையே.

அங்ஙனமாயின் சேதனத்தாற் பயனில்லையோ? உண்டு, பயனடைவோர் வேறு. கிருமிநாசினி தெளிக்கும் கமக்காரரின் நுரையீரலும் தோலும் முதற்பயன் பெறும். உண்பவர்க்கும் நஞ்சின் எச்சம் குறையும். நிலத்திலே மண்புழுவும் வரப்பிலே தவளையும் பிழைக்கும். எங்கள் யாழ்ப்பாணம் ஆறில்லாத நாடு. சுண்ணக்கல்லின் கீழுள்ள தண்ணீரே எமக்குக் கதி. கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் பலகாலும் காட்டியுள்ளனர். மலகூடக் குழிகளோடு அளவின்றி இடும் பசளையும் அதற்குக் காரணம். ஆகவே சேதன வேளாண்மையின் முதன்மையான மருந்து நிலத்துக்கும் நீருக்குமே.

அதையும் மிகைபடக் கூறலாகாது. 1990களிலே யூரியாவும் எரிபொருளும் வடபகுதிக்குத் தடைப்பட்டிருந்தன. அப்பொழுது யான் இருபது வயது கடந்த இளைஞன். வேறு வழியின்றி எருவிட்டோம். வேறு வழியின்றி உரலிற் குத்தினோம். அக்காலத்தை இன்று சிலர் பொற்காலம்போற் பேசுகின்றனர். பசித்திருந்தவர்க்கு அது பொற்காலமன்று. பின்னர் 2021ஆம் ஆண்டு மே மாதம் நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலே தடை நீங்கிற்று. அதற்கிடையிலே பெரும்போகம் பாழ்பட்டது. கமக்காரர் பலர் கடனாளிகளாயினர். மண்ணைப் படிப்படியாகப் பண்படுத்தியன்றோ சேதன வேளாண்மைக்குத் திரும்புதல் வேண்டும்? கட்டளையாற் கவிதை பிறவாதவாறுபோலக் கட்டளையால் மண்வளமும் பிறவாது.

அளவே மருந்து

சுட்டி தாழ்ந்த அரிசியை உண்ட அண்ணர்க்கு ஏன் தீங்கு நேர்ந்தது? குளிசையை நிறுத்தியது முதற் பிழை. இரண்டாவது பிழை அளவு. சுட்டி என்பது சர்க்கரை ஏறும் விரைவைக் காட்டுமேயன்றி, நாம் உண்ட அளவைக் காட்டாது. அளவையும் சேர்த்துக் கணித்தற்கு மருத்துவர் வேறொரு கணக்கு வைத்துள்ளனர். சுட்டியை உண்ட மாப்பொருளின் கிராம் அளவாற் பெருக்கி, நூறால் வகுக்கவேண்டும். ஒரு கோப்பைச் சோற்றிலே ஏறத்தாழ 45 கிராம் மாப்பொருள் உண்டு என்று கொள்வோம். சுட்டி 75 ஆகிய வெள்ளரிசிச் சோறு ஒரு கோப்பை உண்டால் வருவது ஏறத்தாழ 34. சுட்டி 50 ஆகிய நல்லரிசிச் சோறு ஒரு கோப்பை உண்டால் வருவது ஏறத்தாழ 23. நல்லரிசி என்ற துணிவினால் மூன்று கோப்பை உண்டாலோ 67க்கு மேல்! அளவோடு உண்ட தீய அரிசியிலும் அளவின்றி உண்ட நல்லரிசி இருமடங்கு சுமையாயிற்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது. பண்டிதனாகிய யான் போட்டுப் பார்த்திலேன்.

பெரிய ஆய்வுகளும் இதனோடு ஒத்துச் செல்கின்றன. 2010இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் 197,228 அமெரிக்கரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். வாரம் ஐந்து முறையோ அதன் மேலோ வெள்ளரிசி உண்டோர்க்கு, மாதம் ஒருமுறையும் உண்ணாதோரிலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 17 வீதம் கூடியிருந்தது. வாரம் இரண்டு முறையோ அதன் மேலோ தீட்டாத அரிசி உண்டோர்க்கு அது 11 வீதம் குறைந்திருந்தது. 2020இல் 21 நாடுகளைச் சேர்ந்த 132,373 பேரை ஆராய்ந்த மற்றொரு குழுவினர், நாளொன்றுக்கு 450 கிராமுக்குக் குறையாது வெண்சோறு உண்டோரை 150 கிராமுக்குக் குறைவாக உண்டோரோடு ஒப்பிட்டனர். தென்னாசியாவில் முன்னையோர்க்கு நீரிழிவு வாய்ப்பு ஏறத்தாழ 61 வீதம் கூடியிருந்தது. இவை உடன்நிகழ்வைக் காட்டுவனவேயன்றி, சோறு ஒன்றே காரணம் என்று நிறுவுவன அல்ல. ஆயினும் மலைபோற் சோறு குவித்து மடுப்போலச் சொதி விடும் நமது வழக்கத்துக்கு இவை எச்சரிக்கை.

வள்ளுவனார் திருக்குறளிலே தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயரிட்டார். அவ்வதிகாரத்தைப் பன்முறை படிப்பித்தும், அதன்கண் ஒரு மூலிகையின் பெயர்தானும் இல்லாமையை யான் ஊன்றி நோக்கியதில்லை. அவர் பெரிதும் வற்புறுத்துவது முன்னுண்டது அற்றதறிந்து அளவோடு உண்ணுதலையே. மேலும், நோயின் காரணத்தை நாடுதலையும், மருத்துவனும் மருந்தும் இன்றியமையாமையையும் அவர் விதந்து கூறுகின்றார். உணவே மருந்து என்று சொல்லி மருத்துவனைக் கைவிடுதல் வள்ளுவர் நெறியன்று.

இன்று எங்கள் இரு வீட்டாரும் ஒரு முறையைக் கைக்கொண்டிருக்கிறோம். தட்டிலே பாதி மரக்கறியும் கீரையும். காற்பங்கு பருப்போ மீனோ. எஞ்சிய காற்பங்கே சோறு. சோறு சிவப்புப் புழுங்கல், குழைய விடுவதில்லை. அண்ணர் குளிசையைத் தவறவிடுவதில்லை. நாடோறும் மாலையிலே தம் பாதங்களைத் தாமே பார்க்கிறார். ஊன்றுகோலோடு நடக்கிறார். மூன்று திங்களுக்கு ஒருமுறை சிகிச்சை நிலையத்துக்கு அவரை யானே அழைத்துச் செல்கிறேன்.

பொங்கலுக்கு வந்த அரிசியை என் செய்தோம் என்று வாசகர் கேட்கலாம். அது நல்ல அரிசியே. பொங்கலுக்குப் பச்சையரிசி வேறு வாங்கினோம். இதனை மறுநாட் சமைத்தோம். அண்ணர்க்கு என் மனையாள் அகப்பையால் ஒருமுறை பரிமாறினாள். மறுமுறை அகப்பையை எடுத்தபோது, "பிள்ளை, காணும், அரிசிதான் சேதனம், நான் அசேதனம் இல்லை" என்று கூறி அவர் கையை மறித்தார். எல்லோரும் சிரித்தோம். அரிசிக்கு அறிவு இருக்கவேண்டுவதில்லை. உண்பவனுக்கு இருந்தாற் போதும். உண்ணுமாறு பிறர்க்கு உரைப்பவனுக்கோ அஃது இரட்டிப்பாய் இருத்தல் வேண்டும்.